ஸ்க்ரேப் கண்டுபிடித்தாயிற்று, பரணை எங்கே கட்டுவது? வெள்ளைவால் மான் வேட்டைக்கு நான்கு வழிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே வில் வேட்டைக்கும் போகிறவருக்கு அக்டோபர் பாதியில் இரண்டு கேள்விகள் வந்து நிற்கும். இருக்கிற லீவை எந்த வாரத்தில் போடுவது? அந்த வாரத்தில் பரணை எந்த மரத்தில் கட்டுவது? காட்டுக்குள் நடந்து ஒரு நல்ல ஸ்க்ரேப்பைப் பார்த்துவிட்டவர், இரண்டாவது கேள்வி தீர்ந்தது என்றே நினைப்பார். ஆண் மான் வந்து குளம்பால் மண்ணைக் கீறி, சிறுநீர் விட்டுப் போயிருக்கிற இடம். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்தால் திரும்ப வந்துதானே ஆக வேண்டும்?

வரும். ஆனால் பெரும்பாலும் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும்.

அதனால் நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன். ஸ்க்ரேப்புக்கு நேர் மேலே உட்காருவது ஒன்று. காற்றைப் பார்த்துத் தள்ளி உட்காருவது இரண்டு. ஸ்க்ரேப்பை அப்படியே விட்டுவிட்டு, பெட்டை மான்கள் கடந்துபோகும் குறுகலுக்குப் போவது மூன்று. நமக்கு வசதியான மரத்தடியில் நாமே ஒரு ஸ்க்ரேப்பை உண்டாக்குவது நான்கு. என் கணக்கு விஸ்கான்சினின் மேற்கு, தென்மேற்குப் பகுதியை வைத்துப் போட்டது: பஃபலோ, வெர்னான், ரிச்லண்ட், க்ராஃபர்ட் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). பழைய பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்காமல் விட்டுவைத்த மேடுபள்ள நிலம். மேட்டில் ஓக் மரங்கள், பள்ளத்தில் மக்காச்சோளமும் சோயாவும். சமதரையில் வேட்டையாடுகிறவர்கள் காற்றைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே மாநிலத்தின் இயற்கை வளத் துறையே உரிமம் கொடுத்து, சீசன் குறித்து, ஆளுக்கு எத்தனை மான் என்று அளவு வைத்து நடத்துகிறது. 1973 ஜனவரி 1-க்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால்தான் பொதுவாக உரிமம் கிடைக்கும். வில் உரிமத்தோடு வருவது கொம்புள்ள மானுக்கு ஒரே ஒரு டேக், அதாவது ஒன்றை மட்டும் வீழ்த்த அனுமதி. அதனால்தான் எங்கே உட்காருவது என்று இவ்வளவு யோசனை.

ஸ்க்ரேப்பில் என்ன நடக்கிறது

அக்டோபர் கடைசியில் ஒரு ஸ்க்ரேப்பைக் குனிந்து பாருங்கள். உதிர்ந்த ஓக் இலைகளெல்லாம் ஒரே பக்கமாக வாரி எறியப்பட்டிருக்கும். நடுவில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குக் கறுத்த ஈரமண். அதில் குளம்பின் கூர்நுனிகள் இழுத்த கோடுகள், ஓரத்தில் முழுசாகப் பதிந்த ஒரு காலடி. மூக்கைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோனால் ஆட்டுக் கிடா கட்டிய கொட்டில் வாடை அடிக்கும். நிமிர்ந்தால் நெஞ்சுக்கும் முகத்துக்கும் நடுவே, நான்கிலிருந்து ஆறு அடி உயரத்துக்குள், ஒரு கிளை தொங்கும். அதன் நுனி ஒடிந்து நார்நாராகப் பிய்ந்திருக்கும்.

அந்தக் கிளைதான் விஷயம். மண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மான் வந்ததும் முதலில் கிளையைத்தான் முகரும். வாயில் வைத்து மெல்லும். கண்ணோரச் சுரப்பியையும் நெற்றியையும் அதில் தேய்க்கும். அப்புறம்தான் முன்னங்காலால் மண்ணைக் கீறுவது. கடைசியாகப் பின்னங்கால் இரண்டையும் ஒட்டவைத்து, மூட்டின் உட்புறம் இருக்கிற முடிக்கற்றை நனையும்படி சிறுநீர் விடும். அந்த முடிக்கற்றைக்குள் சுரப்பி இருக்கிறது; நவம்பரில் அது கறுத்துப்போய் நாறும். சில நாள் மண்ணைத் தொடாமலே, கிளையை மட்டும் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, ஒரு ஸ்க்ரேப் ஒரு மானுக்குச் சொந்தம் என்பது. "பெரிய மான் தன் எல்லையைக் குறித்துவிட்டுக் காவல் காக்கிறது, பெட்டையை அங்கேயே எதிர்பார்த்து நிற்கிறது" என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஸ்க்ரேப்புகளில் கேமரா வைத்துப் பார்த்தபோது ஒரே ஸ்க்ரேப்புக்குப் பல ஆண் மான்கள் வந்துபோயின. வந்ததில் சுமார் 85 சதவீதம் இரவில். ஒன்றரை வயசுக் குட்டிக் கொம்புக்காரனும் அதே கிளையைத்தான் முகர்கிறான், ஐந்து வயசுக் கிழவனும் அதே கிளையைத்தான் முகர்கிறான். பெட்டைகளும் முகர்ந்து பார்க்கும். ஆக அந்த ஈரமண்ணைப் பார்த்து, பெரிய மான் ஒன்று இங்கே குடியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. இந்தப் பக்கமாக மான்கள் போய்வருகின்றன, அவ்வளவுதான்.

இரவில் வருவது 85 சதவீதம் என்பதை எல்லா ஸ்க்ரேப்புக்கும் ஒரே மாதிரி போட்டுப் பார்க்கக் கூடாது. வயல் ஓரத்தில், கார் கண்ணாடி வழியாகவே தெரிகிற ஸ்க்ரேப்புகள் இருக்கின்றனவே, அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே இருட்டில் போட்டவை. மேட்டின் முதுகில், பழைய மரவண்டிப் பாதையில், இரண்டு தடங்கள் சேரும் இடத்தில் இருப்பவை அடுத்த ரகம். மூன்றாவது ரகம், பகலில் மான் படுத்திருக்கும் அடர்ந்த புதருக்கு நூறு கஜத்துக்குள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மறைவில் இருப்பவை. மாலையில் எழுந்து கிளம்பும்போது வெளிச்சம் இருக்கையிலேயே மான் கடக்கும் ஸ்க்ரேப் இதுதான். கீழே ஸ்க்ரேப் என்று நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றாவது ரகத்தை மனதில் வைத்து. வயலோர ஸ்க்ரேப்பில் கேமரா மாட்டலாம். லீவு நாளை அங்கே கழிக்க வேண்டாம்.

தேதி

இடத்தைப் பேசுவதற்கு முன் தேதியைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நான்கு வழிகளில் எது சரி என்பதைப் பாதி தீர்மானிப்பது தேதிதான்.

இணைசேரும் பருவத்தைத் தொடங்கி வைப்பது பகல் நேரம் குறைவது. குளிரும் அல்ல, நிலாவும் அல்ல. நிலாவைப் பார்த்து நாள் குறிக்கிறவர்கள் இங்கே நிறைய பேர். நம்மூர்ப் பஞ்சாங்கக்காரர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. ஆனால் வயிற்றிலிருக்கும் குட்டியின் அளவை வைத்துக் கருத்தரித்த தேதியைப் பின்னோக்கிக் கணக்கிட்டவர்களுக்கு, ஒரே ஊரில் வருஷா வருஷம் ஏறக்குறைய அதே தேதிகள்தான் கிடைக்கின்றன. தென் விஸ்கான்சினில் உச்சம் நவம்பர் இரண்டாவது வார வாக்கில். பெட்டை ஆணை ஏற்பது ஒன்று, ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அப்போது கரு தங்காவிட்டால் சுமார் 28 நாள் கழித்து மறுபடியும். கர்ப்பம் 200 நாள். ஆக, குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும், புல் செழித்திருக்கும் நேரம். தெற்கே போனால் இந்தக் கணக்கு மாறும். தெற்கு டெக்சாஸில் டிசம்பர், அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரி. யூடியூபில் அலபாமாக்காரர் சொல்லும் தேதியை இங்கே வைத்துக்கொண்டு லீவு போட்டால் அவ்வளவுதான்.

ஸ்க்ரேப்பின் சூடு இந்த உச்சத்துக்கு இரண்டு வாரம் முந்தியே ஏறும். அக்டோபர் 25-லிருந்து நவம்பர் 4, 5 வரை. அந்த நேரத்தில் ஆண் மான் தயார், பெட்டை இன்னும் தயாரில்லை. வேறு வேலையில்லாமல் கிளை கிளையாக முகர்ந்துகொண்டு அலையும். பெட்டைகள் ஒவ்வொன்றாகப் பருவத்துக்கு வந்ததும் ஆண் அதன் பின்னாலேயே போய்விடும். ஒரு நாள், இரண்டு நாள் ஒரே புதரில் அதோடு கிடக்கும். அப்போது ஸ்க்ரேப்பில் இலை விழுந்து மூடிக்கிடக்கும், திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

முதல் வழி: நேர் மேலே

பதினைந்து, இருபது கஜத்தில் ஸ்க்ரேப். பதினெட்டு அடி உயரத்தில் பரண். இந்த வழிக்கு ஒரே ஒரு பலம்தான், ஆனால் அது பெரிய பலம்: மான் நிற்கும். வில் வேட்டையில் பாதிச் சிக்கல் நடந்துகொண்டே இருக்கும் மானை நிறுத்துவது. இங்கே அது தானாக நின்று, தலையைத் தூக்கி, கண்ணைக் கிளைக்குள் விட்டுக்கொண்டு, அரை நிமிஷம் தன் வேலையைப் பார்க்கும். அந்த அரை நிமிஷத்தில் வில்லை இழுத்துக்கொள்ளலாம். தூரம் முன்கூட்டியே அளந்தது. புதிதாக வில் எடுத்தவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

பலவீனங்கள் மூன்று. இரவு வருகையைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, அங்கே போய்வருவதே கெடுதல். நீங்கள் மிதித்த புல்லிலும் உரசிய கிளையிலும் உங்கள் வாசனை மணிக்கணக்கில் இருக்கும். படுக்கைப் புதருக்கு நூறு கஜத்தில் இருக்கும் ஸ்க்ரேப்புக்குத் தினமும் இரண்டு தடவை நடந்தால் மூன்றாம் நாள் அந்தப் புதரில் மான் படுக்காது. மூன்றாவதுதான் பெரியது: வயசான ஆண் ஸ்க்ரேப்புக்கு நேராக வருவதே குறைவு. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக முப்பது, நாற்பது, அறுபது கஜம் தள்ளி நடந்து, யார் வந்துபோனார் என்பதைக் காற்றிலேயே முகர்ந்துகொண்டு போய்விடும். ஸ்க்ரேப்பில் நின்று நிதானமாகக் கிளை கடிப்பது பெரும்பாலும் இளவட்டம். நீங்கள் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் பெரியது உங்கள் வாசனைக்குள்ளேயே நடந்து வந்து, ஒரு தடவை சீறிவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

ஆனாலும் நேர் மேலே உட்காருவது நியாயமாகிற சந்தர்ப்பங்கள் உண்டு. கேமராவில் வருகை நேரம் இரவு பதினொன்றிலிருந்து ஒன்பது, ஏழு என்று வெளிச்சத்தை நோக்கி நகர்ந்து வருகிறது; தேதி அக்டோபர் கடைசி; முந்தின நாள் மழை பெய்து இன்று குளிர்ந்து தெளிந்திருக்கிறது. மழை வாசனையைக் கழுவிவிடுவதால் மான்கள் புதுப்பிக்க வரும் என்பது இங்கே வேட்டைக்காரர்களின் பொதுவான அனுபவம். அன்று மாலை போகலாம். அது சரிவரவில்லை என்றால் அடுத்த நாளும் அதே மரத்தில் போய் உட்கார வேண்டாம்.

இரண்டாவது வழி: தள்ளி, காற்று போகும் பக்கம்

எனக்குப் பிடித்த வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடமேற்குக் காற்று என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் குளிர் இறங்கும் நாள்களில் இங்கே அதுதான் வழக்கம். ஸ்க்ரேப்பின் வாசனை தென்கிழக்காகப் போகும். பெரிய ஆண் அந்தத் தென்கிழக்குப் பக்கமாக நாற்பது கஜம் தள்ளிக் குறுக்கே நடக்கும். பரண் அந்தக் கோட்டுக்கு இருபது, இருபத்தைந்து கஜத்துக்குள் இருக்க வேண்டும். சரி, நம் வாசனை எங்கே போகும்? அதுவும் தென்கிழக்கேதான். அதனால் பரணுக்குத் தென்கிழக்கே மான் நடக்க முடியாத ஏதாவது இருந்தால்தான் இந்த வழி செல்லும்: செங்குத்தாக இறங்கும் பாறை, ஓடை வெட்டிய கரை, திறந்த வயல், வீட்டு முற்றம். மான் நடக்கும் கோடு நமக்கும் ஸ்க்ரேப்புக்கும் நடுவில் விழ வேண்டும். அந்த மான் தனக்குச் சாதகமான காற்றில் போவதாக நினைக்கும், நம் வாசனை அதன் மூக்குக்கு ஒரு பத்துக் கஜம் தப்பிப் போகும். இந்தப் பத்துக் கஜத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

மேடுபள்ளத்தில் இன்னொரு காற்றும் இருக்கிறது. வெயில் ஏறினால் சூடான காற்று சரிவில் மேலே போகும். மாலையில் நிழல் விழுந்ததும் குளிர்ந்து பள்ளத்துக்கு வடியும். செல்போனில் வடமேற்கு என்று போட்டிருக்கும், மரத்தில் உட்கார்ந்தால் காற்று வேறு கதை சொல்லும். இதைத் தெரிந்துகொள்ளச் செலவில்லாத கருவி மில்க்வீட் பஞ்சு. நம்மூர் எருக்குக்கு உறவான செடி இது. செப்டம்பர், அக்டோபரில் காய் வெடிக்கும்போது பறித்து ஒரு சின்ன டப்பியில் போட்டுக்கொள்ளலாம். பரணிலிருந்து ஒரு இழையை விட்டுப் பாருங்கள். முதல் இருபது கஜம் தென்கிழக்காகப் போகும். அப்புறம் சரிவின் விளிம்பைத் தொட்டதும் திடீரென்று கீழே இறங்கி, இடது பக்கம் திரும்பி, நீங்கள் மானை எதிர்பார்க்கிற அதே தடத்தின்மேல் போய் மிதக்கும். பவுடர் டப்பா வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியாது, பவுடர் ஐந்து கஜத்தில் கரைந்துவிடும்.

இந்த வழியில் காலை வேட்டைக்கு மேட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு உயரம் தோது. வெயில் வந்ததும் வாசனை தலைக்கு மேல் ஏறிப்போகும். மாலைக்குக் கஷ்டம். காற்று இறங்கத் தொடங்கும் கடைசி அரை மணியில்தான் மானும் எழுந்து வரும். ஓடும் ஓடையின் பக்கமாகப் பரண் இருந்தால் இறங்குகிற குளிர்காற்று பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அது கிடைக்காத இடத்தில் மாலையை விட்டுவிட்டுக் காலையை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. இங்கே மானை நிறுத்த எதுவும் கிடையாது. நடந்துகொண்டே போகும், புதருக்குள் போகும், முப்பது கஜத்தில் போகும். வாயாலேயே மெதுவாக ஒரு "மே" சத்தம் கொடுத்து நிறுத்த வேண்டும். அம்பு போக இடைவெளி வேண்டும், பொதுநிலத்தில் கிளையை வெட்டித் தள்ள அனுமதி கிடையாது. ஆக, இருக்கிற இடைவெளிகளுக்குத் தகுந்த மரத்தைத் தேடுவதிலேயே ஒரு மதியம் போய்விடும். புதியவர்களுக்கு இந்த வழி முதல் வருஷம் சலிப்பைத்தான் தரும். பார்க்கிற மான்களும் குறைவாக இருக்கும். ஆனால் பார்க்கிறவை வயசு கூடினவையாக இருக்கும்.

மூன்றாவது வழி: ஸ்க்ரேப்பை விட்டுவிடுவது

நவம்பர் 7-க்குப் பிறகு லீவு போட்டிருக்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன். அந்தத் தேதியில் ஆண் மான் தேடுவது வாசனைக் குறிப்பை அல்ல, பெட்டையை. ஒரு பெட்டைக் கூட்டம் படுக்கும் புதரிலிருந்து அடுத்த கூட்டத்தின் புதருக்கு, காற்று போகும் பக்கமாகவே முகர்ந்தபடி, பட்டப்பகலிலும் நடக்கும். சாதாரண நாளில் ஒரு சதுர மைல் வட்டாரத்துக்குள் அடங்கிக் கிடப்பது இப்போது வழக்கமான எல்லையைத் தாண்டியும் போகும். அப்படிப் போகிறவனை மடக்க இரண்டு படுக்கைகளுக்கு நடுவே நிலம் குறுகும் இடம் வேண்டும். மேட்டு முதுகில் தாழ்ந்திருக்கும் கணவாய், செங்குத்துச் சரிவின் தலைமாட்டில் ஓடும் தடம், இரண்டு வயல்களுக்கு இடையே மெலிந்து போகும் மரவரிசை. வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருங்கும் இடங்களை வீட்டில் உட்கார்ந்தே குறித்துக்கொள்ளலாம்.

இதன் நல்ல பக்கம், நாள் முழுக்க வாய்ப்பு உண்டு. காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை, மற்ற வேட்டைக்காரர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், பெரிய ஆண் தனியாக வந்து போவது நவம்பரில் சகஜம். கெட்ட பக்கமும் அதுதான்: நாள் முழுக்க உட்கார வேண்டும். பூஜ்யத்தை ஒட்டின குளிரில் பத்து மணி நேரம் மரத்தில் உட்காருவதை வாயால் சொல்வது சுலபம். கால் மரத்துப்போய், தூக்கம் சொக்கும். பரணிலிருந்து விழுவதுதான் இந்த வேட்டையின் பெரிய விபத்து; தரையை விட்டுக் கால் எடுப்பதிலிருந்து திரும்பத் தரையில் வைக்கும்வரை உடம்பில் பாதுகாப்பு வார் கட்டியிருக்க வேண்டும். உறைபனி இறங்காத நாள்களில் நவம்பரிலும் உண்ணி கடிக்கும். உண்ணி பரப்பும் லைம் நோய் இந்த மாநிலத்தில் நிறைய. வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று உண்டு: குறுகலில் வரும் மான் உங்கள் ஸ்க்ரேப்பில் கேமராவில் பார்த்த மானாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஊர்பேர் தெரியாத ஒன்று வரும். ஒரு குறிப்பிட்ட மானையே குறிவைத்திருக்கிறவருக்கு இது ஒத்துவராது. எனக்கு அந்த மோகம் இல்லை.

நான்காவது வழி: நாமே போடும் ஸ்க்ரேப்

மேலே சொன்ன மூன்றிலும் மான் தேர்ந்த இடத்துக்கு நாம் போகிறோம். இதில் நம் மரத்துக்கு மானைக் கொஞ்சம் இழுக்கப் பார்க்கிறோம். பரணிலிருந்து இருபது கஜத்தில், ஏற்கெனவே இருக்கும் தடத்தின் ஓரமாக, இலையை வாரிவிட்டு மண்ணைக் கிளறி, மேலே நான்கைந்து அடி உயரத்தில் ஒரு கிளையை வளைத்துக் கட்டுவது. கிளை இல்லாவிட்டால் தடித்த சணல் கயிறோ காட்டுத் திராட்சைக் கொடியோ தொங்கவிட்டால் போதும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கட்டிவிட்டால் அக்டோபருக்குள் பழகிவிடும். தடமே இல்லாத இடத்தில் கட்டினால் ஒன்றும் வராது.

கடையில் பாட்டிலில் மான் சிறுநீர் விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. காரணம் காசு மட்டும் அல்ல. மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யு.டி. என்ற நோய் 2002-ல் இந்த மாநிலத்தில் மவுன்ட் ஹோரெப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ப்ரியான் என்கிற உருக்குலைந்த புரதம்தான் காரணம். எச்சிலிலும் சிறுநீரிலும் அது வெளியேறும், மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். பண்ணையில் அடைத்து வளர்த்த மான்களின் சிறுநீரைக் காட்டில் கொண்டுபோய் ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வர்ஜீனியா 2015-லேயே வேட்டைக்கு அதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டது. வேறு சில மாநிலங்களும் நோய்ப் பகுதிகளில் கட்டுப்படுத்துகின்றன. விதிகள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும், அந்த வருஷ விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பாட்டில் இல்லாமலே வேலை நடக்கும், ஏனென்றால் இழுப்பது கிளை. முதல் மான் வந்து முகத்தைத் தேய்த்துவிட்டால் மிச்சத்தை அதுகளே பார்த்துக்கொள்ளும். (வீழ்த்திய மானின் கறியைச் சமைக்கும் முன் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாநிலத் துறை இலவசமாகவே செய்கிறது. நோயுள்ள கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை, மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை என்றாலும்.)

நாமே போட்ட ஸ்க்ரேப் மான்களைத் தூரத்திலிருந்து கொண்டுவராது. அதன் உண்மையான பயன் இரண்டு. ஒன்று, எப்படியும் அந்த வழியாகப் போகிற மானை அம்புக்கு வாகாக நிறுத்துவது. இரண்டாவது வழியில் நான் குறையாகச் சொன்னதை இது கொஞ்சம் அடைக்கும். இன்னொன்று, கேமராவில் ஊரிலிருக்கும் ஆண் மான்களின் கணக்கெடுப்பு. தனி வழியாக இதை நம்பாமல், இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் துணையாக வைத்துக்கொள்வதுதான் சரி.

துப்பாக்கி சீசன்

ஒன்பது நாள் துப்பாக்கி சீசன், நவம்பர் நான்காவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். அதற்குள் உச்சம் முடிந்திருக்கும், ஸ்க்ரேப்பெல்லாம் ஆறிப்போயிருக்கும். காடு முழுக்க ஆரஞ்சு சட்டை போட்ட வேட்டைக்காரர்கள். அந்த நாள்களில் மான் எங்கே ஒளியும் என்றுதான் யோசிக்க வேண்டும். முதல் தடவை கரு தங்காத பெட்டைகள் டிசம்பரில் மறுபடி பருவத்துக்கு வரும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரேப் உயிர் பெறும். அதை நம்பி லீவு போட மாட்டேன்.

யாருக்கு எது

ஒரே ஒரு வாரம் லீவு, தனியார் நிலத்தில் அனுமதி, கையில் கேமரா: அக்டோபர் 29-லிருந்து நவம்பர் 4 வரை எடுத்துக்கொண்டு, மறைவான ஸ்க்ரேப்புக்குத் தள்ளி, காற்று பார்த்து உட்காருங்கள். ஒரே மரத்தில் உட்காராமல் இரண்டு மூன்று ஸ்க்ரேப்புகளைக் காற்றுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். இதே ஆள் ஒரு மானைக் கண்ணால் பார்த்தால் போதும், சின்னதோ பெரியதோ கவலையில்லை என்றால், நவம்பர் 7-லிருந்து 12 வரை குறுகலில் நாள் முழுக்க உட்காருவது மேல். அந்த வாரத்தில் நடமாட்டம் அதிகம், காற்றுக் கணக்கில் கொஞ்சம் தவறினாலும் அடுத்த மான் வரும்.

வில் பிடித்து முதல் வருஷம் என்றால் நானாக இருந்தால் ஆகஸ்டிலேயே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கும் மாலைகளில் மட்டும் அதன் மேலேயே உட்காருவேன். இளம் ஆண் வந்து நின்றாலும் வில்லை எப்போது இழுப்பது, மூச்சை எப்போது விடுவது என்பது பழகும்.

பொதுநிலத்தில், சனி ஞாயிறு மட்டும் போகிறவர் நிலைமைதான் கஷ்டம். அவர் கண்ணில் படுகிற ஸ்க்ரேப் மற்ற பத்துப் பேர் கண்ணிலும் பட்டிருக்கும், அதனால் அங்கே பகலில் மான் வராது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல், முடிந்தால் ஓடை ஒன்றைத் தாண்டி, குறுகலைத் தேடிப் போவதுதான் அவருக்கு வழி. நவம்பரின் முதல் இரண்டு சனிக்கிழமைகளில், உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்தில் ஏறிவிட வேண்டும். எட்டு மணிக்குத் தாமதமாக வருகிற மற்றவர்கள் காட்டைக் கலைப்பார்கள், கலைந்த மான்கள் அந்தக் குறுகல் வழியாகத்தான் தப்பிக்கப் பார்க்கும்.